ஆசைக்கு வைத்த முதல் விருப்பம்

மே 8

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. சுருதிக்கு என்ஜினியரிங் கட்-ஆஃப் இருநூறுக்கு நூற்று எண்பத்து மூன்று. சுகனுக்கு நூற்று அறுபத்தொன்று. ஒரே நாளில் பிறந்து, ஒரே வகுப்பில் படித்து, ஒரே டியூஷனுக்குப் போய், ஒரே குக்கர் சோற்றைச் சாப்பிட்டவர்கள். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றவள் ரிசல்ட் நாளில் வாயைத் திறக்க முடியாது. ஒருத்தியைப் பாராட்டினால் மற்றவனைத் திட்டியதாக ஆகிவிடும். பேசாமல் கேசரி செய்தேன்.

செய்து இறக்கிய பிறகுதான் சுகனின் சர்க்கரை ஞாபகம் வந்தது. மூன்றாம் வகுப்பில் வந்தது அவனுக்கு. வயதானவர்களுக்கு வந்து மாத்திரையில் அடங்குகிற ரகம் இல்லை. உடம்பில் இன்சுலினே ஊறாது, சாப்பாட்டுக்குச் சாப்பாடு ஊசி. சுருதி ஒரு கிண்ணத்தில் கொஞ்சமாக வைத்து, ஊசி மருந்தை எவ்வளவு கூட்டிக்கொள்ள வேண்டும் என்று அவனிடம் சொன்னாள். இந்தக் கணக்கெல்லாம் அவளுக்குத்தான் அத்துப்படி. எனக்கு ஊசியைப் பார்க்கவே பயம். மிச்சக் கேசரியை ஆபீசுக்குக் கொண்டு போகலாம்.

மே 11

அவர் அரியலூரிலிருந்து போன் செய்தார். சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் மாற்றமாம், இந்த மாதமும் வர முடியாதாம். படிப்பு விஷயத்தை நீயே பார்த்துக்கொள் என்றார். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு வசனத்தை மட்டும் அவர் மாற்றவே இல்லை.

நான் பார்த்தாயிற்று. விருதுநகரிலிருந்து அரைமணி தூரத்தில் ஒரு தனியார் கல்லூரி இருக்கிறது. அதன் பஸ் எங்கள் தெருமுனைக்கே வருகிறது. இரண்டு பேரும் காலையில் சேர்ந்து ஏறி, மாலையில் சேர்ந்து இறங்க வேண்டியதுதான். சுருதி கூட இருந்தால் எனக்குக் கவலை இல்லை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தானே ஓடியது. சர்க்கரை இறங்கி அவன் முகம் வெளிறினால், பேச்சு குழறினால், அவள் பையிலிருந்து குளுக்கோஸ் எடுத்துக் கொடுத்துவிடுவாள். இதைச் சொன்னதும் இரண்டு பேரும் தலையாட்டினார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆட்டாமலும் இருந்திருக்கலாம். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, நான் மாவு வழித்துக்கொண்டிருந்தேன்.

மே 20

நகராட்சித் தண்ணீர் வந்தது. இருக்கிற பாத்திரம் எல்லாவற்றிலும் பிடித்து வைத்தோம். இடுப்பு விட்டுப்போயிற்று.

ஜூன் 3

விண்ணப்பம் போட்டோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் வரிசையில் நின்று, எல்லாச் சான்றிதழையும் ஸ்கேன் செய்து ஏற்றுவதற்குள் லீவு போட்ட நாள் முடிந்துவிட்டது. போன் நம்பர் கேட்ட இடத்தில் இரண்டு பேருக்கும் என் நம்பரையே கொடுத்தேன். இனி கல்லூரி வரிசை கொடுப்பதானாலும், கிடைத்த இடத்தை உறுதி செய்வதானாலும் ஓ.டி.பி. என் போனுக்குத்தான் வரும். அது பாதுகாப்பு.

வீட்டுக்கு நடக்கும்போது சுருதி தான் படிக்க நினைக்கும் படிப்பைச் சொன்னாள். ஜியோ இன்ஃபர்மேடிக்ஸாம், சென்னை கிண்டியிலாம். அது என்னடி என்றேன். செல்போனில் செயற்கைக்கோள் எடுத்த எங்கள் ஊர்ப் படத்தைக் காட்டினாள். எங்கள் தெருவை ஒட்டி ஒரு பழைய கண்மாய்க் கரை வளைந்து போவது மேலிருந்து பார்த்தால் தெரிகிறதாம். மழை பெய்தால் நம் தெருவில் மட்டும் தண்ணீர் நிற்பது ஏன் என்று இப்போது புரிகிறதா என்று கேட்டாள். சாக்கடை தூர்வாராததால் என்றேன். செல்போனைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சுகனிடமும் கேட்டேன், பாரபட்சம் இருக்கக் கூடாது அல்லவா. மெக்கானிக்கல் என்றான். எந்தக் கல்லூரி என்றதற்கு, எதுவானாலும் சரி, சுருதி இல்லாத கிளாஸ் ரூமாக இருந்தால் போதும் என்றான். அவனுக்கு எப்போதும் கேலிதான்.

ஜூன் 23

மின்வாரிய அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கை பவுலின் அக்காவுக்கு. மகனை இரண்டு வருஷம் முன்பு இதே கவுன்சிலிங்கில் சேர்த்தவர். நூற்று எண்பத்து மூன்றை வைத்துக்கொண்டு பெண்ணை ஏன் பஸ் காலேஜில் போடுகிறாய் என்று கேட்டார். சுகனைச் சொன்னேன். அவனுக்காகச் சுருதி எதையும் விட்டுக்கொடுப்பாள், எட்டாம் வகுப்பில் கோ-கோ அணியில் மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியும் அவனை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று நின்றுவிட்டாள், அப்படிப்பட்ட பெண் என்றேன். அவளே சொன்னாளா என்று கேட்டார். சொன்னாளா, நான் சொன்னேனா, அதெல்லாம் இப்போது யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

ஜூன் 27

தரவரிசை வந்துவிட்டது. பிரச்சினை ஒன்று முளைத்திருக்கிறது. அதிக மார்க் எடுத்தவர்களுக்கு முதல் சுற்று, அடுத்தவர்களுக்கு இரண்டாவது சுற்று. சுருதி முதல் சுற்றில் வருகிறாள், சுகன் இரண்டாவதில். அவனுக்கு எங்கே கிடைக்கும் என்று தெரிவதற்கு முன்பே அவள் கல்லூரியை முடிவு செய்தாக வேண்டும். இரட்டைப் பிள்ளைகள் உள்ள வீடுகளை நினைத்து எவன் சட்டம் போடுகிறான்?

ஜூலை 8

கேஸ் தீர்ந்துவிட்டது. புக் செய்த சிலிண்டர் வரவில்லை. இண்டக்‌ஷன் அடுப்பில் சோறு. முட்டி வலி.

ஜூலை 15

இன்று சுருதியின் கல்லூரி வரிசையைக் கொடுத்தோம். எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று விருப்பப்படி வரிசையாக அடுக்க வேண்டும். மேலிருந்து பார்த்துக்கொண்டே வருவார்களாம், அவள் மார்க்குக்கு எது முதலில் காலியாக இருக்கிறதோ அது அவளுக்கு. நான் சொன்னபடி பஸ் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று அடித்தாள். அதற்கு மேலே கிண்டியை ஒன்று வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். போன வருஷம் அந்தப் படிப்பு எத்தனை மார்க்கோடு முடிந்தது என்று பார்க்கச் சொன்னேன். இவளுடையதைவிட மூன்று மார்க் மேலே. அப்படியானால் ஆசைக்கு வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். கிடைக்காததை வரிசையில் வைப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? மகளின் மனமும் நோகவில்லை, என் முடிவும் மாறவில்லை. ஓ.டி.பி. சொன்னேன், இனி மாற்ற முடியாதபடி வரிசையைப் பூட்டிவிட்டாள்.

எல்லாம் சுமுகமாக முடிந்ததில் நிம்மதி. வடகம் காயப்போட்டேன்.

ஜூலை 17

கிண்டி கிடைத்துவிட்டது.

இந்த வருஷம் கணக்கும் இயற்பியலும் கஷ்டமாக இருந்ததால் எல்லோருக்குமே மார்க் குறைந்திருக்கிறதாம். கட்-ஆஃப் இறங்கிவிட்டது. இறங்கும் என்று ஒரு மனுஷர்கூட என்னிடம் சொல்லவில்லை. பவுலின் அக்காவிடம் கேட்டால், பேப்பரிலேயே போட்டிருந்தானே வடிவு என்கிறார். பேப்பர் படிக்க எனக்கு எங்கே நேரம்?

சுருதி கத்தவில்லை, குதிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். சுகன்தான் அவள் தலையில் தட்டிக்கொண்டே இருந்தான். நாளை மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் இடம் போய்விடும். ஆனால் இதில் ஒரு வழி இருக்கிறது, நானே தேடிக் கண்டுபிடித்தேன். இந்த இடம் வேண்டாம், அடுத்த சுற்றுக்குப் போகிறேன் என்று கொடுக்கலாம். கொடுத்தால் சுகனோடு இரண்டாவது சுற்றில் சேர்ந்துவிடலாம். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வரிசையைக் கொடுக்கலாம். இதைச் சொன்னேன். சுருதி என்னைப் பார்த்துவிட்டு, "ஓ.டி.பி. மட்டும் சொல்லும்மா" என்றாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். தலை வலித்தது. படுத்துவிட்டேன்.

அவரிடம் போனில் கேட்டேன். நீயே பார்த்துக்கொள் என்றார்.

ஜூலை 18

ஆபீசில் சரியான வேலை. போனை எடுக்க நேரமே கிடைக்கவில்லை. வழக்கமாக மேஜை மேல் இருக்கும், இன்று பையில் வைத்து டிராயருக்குள் வைத்திருந்தேன். மத்தியானத்திலிருந்து சர்வர் வேலை செய்யவில்லை, கட்டணக் கவுண்டரில் வந்த கூட்டமும் திரும்பிப் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் ஒரு காக்கை கம்பி கம்பியாகக் கொண்டு வந்து கூடு கட்டிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பவுலின் அக்கா இரண்டு முறை கேட்டார், உறுதி செய்தாயிற்றா என்று. நேரம் இருக்கிறது என்றேன். இந்த மார்க்குக்கு நல்ல இடமெல்லாம் முதல் சுற்றிலேயே போய்விடும், அடுத்த சுற்றில் மிச்சம்தான் கிடைக்கும் என்றார். மிச்சத்தில் படித்தவர்கள் யாரும் வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

நாலு மணி தாண்டி சுகன் வந்து நின்றான். வெயிலில் சைக்கிளை மிதித்து வந்திருக்கிறான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. தனியாக ஏன் வந்தாய், வழியில் மயக்கம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், சுருதி எங்கே என்று எழுந்துவிட்டேன். அவன் சட்டைப் பையிலிருந்து குளுக்கோஸ் பாக்கெட்டை எடுத்துக் காட்டிவிட்டு, கிளம்பும் முன்பே சர்க்கரை பார்த்துவிட்டேன், நீ உட்கார் என்றான்.

சுருதி மத்தியானத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்துவிட்டாளாம். அவள் நிறுத்தியதும்தான் இவன் சைக்கிளை எடுத்திருக்கிறான். போனைக் கொடு என்றான். நான் விஷயத்தைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். உனக்காகத்தானே இவ்வளவும், நாலு வருஷம் அவள் உன் பக்கத்தில் இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன் என்றேன்.

அப்போதுதான் அந்த விஷயத்தைச் சொன்னான். ஒரு வருஷமாகவே ஊசி, அளவு, எல்லாவற்றையும் இவனேதான் பார்த்துக்கொள்கிறானாம். என் கண்ணுக்கு முன்னால் மட்டும் சுருதி சொல்வது போலவும் இவன் கேட்பது போலவும் இரண்டு பேரும் நடித்திருக்கிறார்கள். இல்லையென்றால் நான் பயப்படுவேனாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெற்ற பிள்ளைகள் சேர்ந்துகொண்டு என்னை ஏமாற்றியிருக்கிறார்கள், அதை ஆபீசில் நாலு பேர் பார்க்க வந்து சொல்கிறான். ஒரு தடவை நினைவு தப்பி விழுந்தால் தெரியும், அப்போது யாரடா உன்னைப் பார்ப்பார்கள் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவன் குரலை உயர்த்தவில்லை.

"எனக்குத்தாம்மா சுகர்," என்றான். "அவளுக்கு இல்ல."

பவுலின் அக்கா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். நான் கவுண்டர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிராயரைத் திறந்து போனை எடுத்தேன். சுகன் தன் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டு, ஓ.டி.பி.யை மறுபடி அனுப்பச் சொன்னான். எண் வந்தது. அவனே படித்துவிடுவான் என்று நீட்டினேன். அவன் வாங்காமல் தன் போனை என் வாய்க்கு நேராகப் பிடித்தான். நான்தான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கண்ணாடி போடாததால் ஒன்றைத் தப்பாகச் சொல்லித் திருத்தினேன். அந்தப் பக்கத்தில் சுருதி தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "போயிருச்சும்மா, கன்ஃபார்ம் ஆயிருச்சு" என்றாள்.

வீட்டுக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவன் என்னோடு நடந்தே வந்தான். வழியில் கத்தரிக்காய் வாங்கினோம்.

ஜூலை 19

சாம்பாரில் உப்பே இல்லை. மூன்று பேரும் அப்படியே சாப்பிட்டோம்.

ஜூலை 31

சுகனுக்குப் பஸ் காலேஜில் மெக்கானிக்கல் கிடைத்திருக்கிறது. ஆக, நான் நினைத்ததில் பாதி நடந்துவிட்டது.

ஆகஸ்ட் 9

நாளை சுருதி சென்னைக்குக் கிளம்புகிறாள். அதிசயமாக அவர் லீவு போட்டு வந்திருக்கிறார். பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு கனமாக என்ன இருக்கிறது என்று கேட்கிறார். கேட்பதற்காவது வந்தாரே. பருப்புப் பொடி, ஊறுகாய், முறுக்கு, மூன்று பெட்ஷீட், தைத்துத் தந்த இரண்டு தலையணை உறை. அவள் முறுக்கு டப்பாவை மட்டும் வெளியே எடுத்து வைத்தாள், ஹாஸ்டலில் பங்கு போட்டே தீர்ந்துவிடுமாம். நான் மறுபடி உள்ளே வைத்தேன்.

மத்தியானம் என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். சர்க்கரை இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கப் போகிறாளாம். அதான் அவனே பார்த்துக்கொள்கிறானாமே என்றேன். அவன் பார்த்துக்கொள்ள முடியாத நேரம் ஒன்று வருமே, அதற்காக என்றாள். பிறகு கற்றுக்கொள்கிறேன், முதலில் அரிசி களைய வேண்டும் என்று எழுந்தேன். கையை விடவில்லை. என் விரலில் என்னையே குத்தவைத்து, ஒரு பொட்டு ரத்தம் எடுத்து, மெஷினில் வைக்கச் சொன்னாள். குத்தினேன். அவ்வளவு ஒன்றும் வலிக்கவில்லை. மூன்று முறை திரும்பச் செய்யச் சொன்னாள். எட்டு வயதில் இவள் யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னைத்தான் கூப்பிட்டார், நான் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், இவள் உள்ளே போனாள்.

அரிசி களைந்து உலை வைத்தேன்.

ஆகஸ்ட் 10

ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். அவர் கூடப் போயிருக்கிறார். வீட்டில் மூன்று தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தேன்.

ஆகஸ்ட் 16

சுருதி தினமும் போன் செய்கிறாள். முதல் கேள்வி சுகனின் சர்க்கரை எவ்வளவு என்பதுதான். இரண்டாவது, மத்தியானம் என்ன சாப்பிட்டான். மூன்றாவதற்குள் மணி அடித்துவிடுகிறது, வகுப்புக்கு ஓடுகிறாள். கிண்டி எப்படி இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது.

ஆகஸ்ட் 24

ஞாயிற்றுக்கிழமை. காலையில் தண்ணீர் வந்தது. துவைத்துக் காயப்போட்டேன்.

சுகன் காலேஜ் நண்பர்களோடு கிரிக்கெட் ஆடிவிட்டு வந்து, சாப்பிட உட்காராமல் கட்டிலில் விழுந்தான். ஊசி போட்டுவிட்டேன், ஐந்து நிமிஷத்தில் சாப்பிடுகிறேன் என்றான். நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் கோலப்பொடி விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்து நேரம் போய்விட்டது. கீழே வந்து கூப்பிட்டால் என்னவோ பதில் சொன்னான். வார்த்தை வார்த்தையாக இல்லை. நெற்றியெல்லாம் வியர்வை. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

வீட்டில் வேறு யாரும் இல்லை. போனை எடுத்து சுருதியின் பெயரைத் தொடப் போனேன். சென்னையில் இருந்துகொண்டு அவள் என்ன செய்வாள்? போனைக் கட்டிலில் போட்டுவிட்டு அவன் சட்டைப் பையிலிருந்த குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்தேன். பாதி தரையில் சிந்திற்று. அவனை நிமிர்த்தி என் தோளில் சாய்த்து, விழுங்குகிறானா என்று பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். விழுங்கினான். விரலில் குத்தினேன். முதல் முறை சரியாகக் குத்தவில்லை, இரண்டாவது முறை ரத்தம் வந்தது. மெஷினில் வந்த எண் மிகவும் கீழே இருந்தது. இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். பிள்ளையாரப்பா பிள்ளையாரப்பா என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. காத்திருந்து மறுபடி குத்தினேன். எண் ஏறியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவனே எழுந்து உட்கார்ந்து, ஏன் சட்டையெல்லாம் நனைந்திருக்கிறது என்று கேட்டான். அடிக்கலாம் போல இருந்தது. சோற்றைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். தட்டு காலியாகும்வரை எழவில்லை. தப்பு தன் மேல்தான், ஊசி போட்டதும் சாப்பிட்டிருக்க வேண்டும் என்றான். பிறகு, சுருதியிடம் சொல்லிவிடாதே, அடுத்த ரயிலைப் பிடித்து வந்து நிற்பாள் என்றான். எனக்குத் தெரியும் என்றேன்.

ஐந்தரைக்கு அவள் போன் வந்தது.

"சுகனுக்கு சுகர் எவ்வளவும்மா?" என்றாள்.

"அத அவன் பாத்துக்குவான், நான் பாத்துக்குவேன்," என்றேன். "நீ உன் காலேஜப் பத்திச் சொல்லு."

நிஜமாகவா என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள். செயற்கைக்கோள் படத்தில் தண்ணீர் கறுப்பாகத் தெரியுமாம், சிவப்பாகத் தெரிந்தால் அது பயிராம். ரூம்மேட் தருமபுரிப் பெண்ணாம், தூக்கத்தில் பேசுவாளாம். முறுக்கு மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டதாம். கோ-கோ அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டாள். கொடு என்றேன். அதன் பிறகும் பேசிக்கொண்டே போனாள். பாதி எனக்குப் புரியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது, நான் எழுந்து போகவில்லை.